மூணு புது லைன்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். தமிழ் படிப்பேன், கடிதம் எழுதுவேன். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. அது தெரியாததால்தான் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் அந்த வருஷம் அப்படி ஆயிற்று என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு நானே. எழுத உட்கார்ந்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பெருமாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற வழியில் எங்கள் ஊர். சொந்த நிலம் கிடையாது. ஏரி நிரம்பினால் நடவு, களை, அறுப்பு என்று கூலி உண்டு. நிரம்பாத வருஷம் ஊரே வெளியே போகும். எனக்குக் கல்யாணமான அடுத்த வருஷம் ஏரி நிரம்பவில்லை. நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு வருஷம் சம்பாதித்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனேன். ஆறு வருஷம் ஓடிவிட்டது. அந்த ஆறு வருஷத்தில் நானும் அவளும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மொத்தமாகக் கூட்டினால் ஆறு மாதம் இருக்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

முதலில் களை வெட்டத்தான் சேர்ந்தேன். எஸ்டேட் துரை வெள்ளைக்காரர். அவருக்கு ட்ரௌட் மீன் பிடிக்கிற பைத்தியம். மலையோடையில் வளர்கிற மீன் அது, உடம்பெல்லாம் புள்ளி. ஒருநாள் அவருடைய தூண்டில் கயிறு புதரில் சிக்கி ஒரே முடிச்சாகிவிட்டது. கத்தியை எடுத்துவிட்டார். நான் பக்கத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தவன், "இருங்க தொரை" என்று வாங்கி, ஒரு இழை அறாமல் பிரித்துக் கொடுத்தேன். அது எனக்குப் பெரிய காரியம் இல்லை. பதினைந்து வயது வரை காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் பட்டு நூல் இழைத்தவன் நான். அந்தத் தூண்டில் கயிறும் பட்டுதான். மறுநாளிலிருந்து துரை என்னை ஓடைக்குக் காவலாக வைத்துவிட்டார். அவர் வரும் நாளில் கூடப் போக வேண்டும். வராத நாளில் ஓடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடைக்கரையில் ஒரு குடிசை, அதில் நான் ஒருவன்.

அங்கே இருந்தவனுக்குத்தான் அந்த அமைதி தெரியும். மேலே சோலைக்காடு, கீழே தண்ணீர். இரண்டு நாள் மூன்று நாள் மனிதர் முகம் பார்க்காமல் போய்விடும். காலையில் குளித்து நாமம் போட்டுக்கொண்டு "கோவிந்தா" என்று சத்தமாகச் சொல்வேன். பாதி பெருமாளுக்கு. மீதிப் பாதி, என் குரல் எனக்குக் கேட்கட்டுமே என்று. அவளோடு பேச வேண்டியதையெல்லாம் கயிற்றைக் காயப்போடும்போது முணுமுணுப்பேன். ஊரில் பார்த்தால் பைத்தியம் என்பார்கள்.

காயப்போடுவது தினப்படி வேலை. பட்டுக் கயிறு நனைந்தபடி உருளையில் கிடந்தால் இரண்டே மாதத்தில் இற்றுவிடும். துரை போனதும் முழுக் கயிற்றையும் இழுத்து இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி, பஞ்சுத் துணியால் துடைத்து உலர்த்துவேன். அப்படிக் கையாண்டு கையாண்டு கயிற்றின் குணம் விரலுக்குத் தெரிந்துபோயிற்று.

துரை இறகால் செய்த பூச்சியைத் தூண்டிலில் கட்டுவார். அதில் இரண்டு ஜாதி. ஒன்று தண்ணீர் மேலே மிதக்கும். மற்றது முழுகிப் போகும். எங்கள் ஓடை கல்லிலும் மடுவிலும் விழுந்து ஓடுகிற ஓடை, அதற்கு முழுகுகிற பூச்சிதான் சரி. ஓடைக்குக் குறுக்கே வீசி, தண்ணீர் இழுத்துக்கொண்டு போக விட வேண்டும். பூச்சி கண்ணுக்குத் தெரியாது. மீன் தொட்டதும் தெரியாது. கயிறுதான் வந்து சொல்ல வேண்டும். அதனால் கயிறு பூச்சியோடு சேர்ந்து தண்ணீருக்குள் இறங்க வேண்டும். மேலே மிதந்தால் நீரோட்டம் கயிற்றை வளைத்துப் பூச்சியைத் தாறுமாறாக இழுத்துவிடும். மீனுக்கு சந்தேகம் வந்துவிடும். கனம் அதிகமானால் விழுகிற சத்தத்தில் மீன் கல்லுக்கடியில் ஓடிவிடும். கனமே இல்லாவிட்டால் மலைக்காற்று வீசியவன் முகத்துக்கே திருப்பிக் கொண்டுவரும். இதையெல்லாம் துரை எனக்குத் தெரிந்த தமிழிலேயே பேசுவார். கயிறு, பூச்சி, முழுகுது, மிதக்குது. இங்கிலீஷில் அதற்கெல்லாம் என்ன பெயர் என்று நான் கேட்டதில்லை.

நான் மீன் பிடிப்பதற்குத் துணை போனேனே தவிர, புரட்டாசியிலும் சனிக்கிழமையிலும் மீன் தின்னமாட்டேன். துரை கேலி செய்வார். "உன் சாமி மீனா வந்த சாமி. நீ எப்படித்தான் மத்த நாள் தின்றே?" என்பார். நான் சிரித்துவிடுவேன்.

எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்த லைன் ஒன்றே ஒன்றுதான். கூலிக்காரர்கள் குடும்பத்தோடு குடியிருக்க வரிசையாகக் கட்டிய வீடு. லைன் வீடு என்போம், லைன் என்றும் சொல்வோம். ஒரு அறை, ஒரு அடுப்படி. அது கிடைத்தவன் பெண்டாட்டியைக் கூட்டி வரலாம். ஓடைக் காவலுக்கு லைன் கிடையாது, குடிசைதான். ஆறாவது வருஷம் லீவில் ஊருக்குப் புறப்படும்போது துரையிடம் கேட்டேவிட்டேன். "தொரை, எனக்கு ஒரு லைன் குடுத்தா சம்சாரத்தைக் கூட்டிகினு வந்துடுவேன்." அவர் பைப்பைத் தட்டிக்கொண்டே "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

ஊருக்கு வந்து இருபது நாள் இருக்கும். தபால்காரர் ஒரு கவர் கொண்டுவந்தார். இங்கிலீஷ் எழுத்து, எஸ்டேட் முத்திரை. துரைக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. அவளையும் அழைத்துக்கொண்டு உத்திரமேரூருக்குப் போனேன். தாலுகா ஆபீஸ் எதிரில் மரத்தடியில் பெட்டி வைத்துக்கொண்டு மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். இங்கிலீஷ் கடிதம் வந்தால் சுற்று வட்டாரத்துக்கு அவர்தான்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை மனதுக்குள் படித்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார்.

"இன்னாப்பா, தொரைகிட்டே லைன் கேட்டுகினு வந்தியா?"

"ஆமாங்க. கேட்டேன்."

"குடுத்துட்டாரு. தோ, 'த்ரீ நியூ லைன்ஸ் ஹாவ் கம்'. மூணு புது லைன் வந்துகீது."

"வூடு எப்பிடிங்க வரும்?" என்றாள் அவள்.

"சாங்ஷன் வந்துகீதுன்னு அர்த்தம்மா. கவர்மென்ட்டுலே அப்பிடித்தான் எழுதுவாங்க. கேளு. மழைக்கு முன்னாடி வந்துடு. வந்து நல்ல லைனா ஒண்ணு பொறுக்கிக்கோ. 'வெட் ஃப்ளை'க்கு." அங்கே நிறுத்தினார். "வெட்டுன்னா ஈரம். ஃப்ளைன்னா ஈ. ஈரம், ஈ. இது இன்னாத்துக்கு இங்கே போட்டுக்கீறாரு?"

நான்தான் சொன்னேன். "லைன் வூடெல்லாம் மழையிலே ஒரே ஈரம்ங்க. மாட்டுக்கொட்டாய் பக்கத்திலே இருந்தா ஈ."

"அத்தான். ஈரம், ஈ ரெண்டையும் பார்த்துப் பொறுக்குன்றாரு. எவ்ளோ அக்கறை பாரு மனுசனுக்கு." அவருக்கே முகம் மலர்ந்தது. "கடைசியா 'நாட் டூ ஹெவி'. கனமா வேணாம். சாமான் ரொம்ப தூக்கிகினு வராதேன்றாரு."

"அம்மியைக் கொண்டாரலாம்னு இருந்தேன்" என்றாள் அவள்.

"தொரையே வேணாம்னுட்டாரே. வுட்டுட்டுப் போம்மா."

கோயிலுக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தோம். அவள் ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவில்லை. வெளியே வந்து, "ஆறு வருசமா ஒரே வேண்டுதல் மாமா. அவருக்கே கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருக்கும்" என்றாள்.

சேதி ஊருக்குத் தெரிய அரை நாள் ஆகவில்லை. ஆட்டைத் தன் தம்பிக்குக் கொடுத்தாள். கோழிகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள். எங்கள் ஊர்க் குடிசைக்கு அவன் குடும்பம் வந்துவிடுவதென்று பேச்சாயிற்று. நடவுக்குக் கூடப் போகிற பெண்கள் சும்மா விடுவார்களா?

"மலையிலே கம்பளி போத்திகினு மகாராணி மாதிரி குந்திகினு இருப்பே. எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா?"

"கடுதாசி போடுவேன்டி."

"உனக்கு எழுதவே தெரியாதே."

"அவரு போடுவாரு. நீங்க இன்னும் நாத்தைக் கோணலாத்தான் நடுறீங்களான்னு கேட்டு எழுதச் சொல்றேன்."

அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பேசுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. பார்க்க நாள் எங்கே இருந்தது?

வாலாஜாபாத்தில் ரயில் ஏறி, அரக்கோணத்தில் மாறி, மேட்டுப்பாளையம் போனோம். ஒரு தகரப்பெட்டி, ஒரு மூட்டை. வழியெல்லாம் லைன் பேச்சுதான்.

"மூணுலே எது எடுக்கலாம்?" என்பாள்.

"பார்த்துட்டுத்தான்."

"கோடி வூடு வேணாம் மாமா. காத்து வாங்கும். நடுவுலே இருந்தா ரெண்டு பக்கமும் மனுசாள் இருப்பாங்க. நீ ஓடைக்குப் போயிட்டா நான் யார்கிட்டே பேசறது?"

"சரி. நடு வூடு."

"தண்ணி எடுக்க எவ்ளோ தூரம்?"

நான் பார்க்காத வீட்டைப் பற்றி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

எஸ்டேட் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி இருக்கும். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நேரே பங்களாவுக்குப் போனோம். அவள் பெட்டியோடு படிக்குக் கீழே நின்றாள். துரை என்னைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"வா, வா. லெட்டர் வந்ததா? நல்லது. பாரு, மூணும் பாரு."

மேஜை மேல் மூன்று கயிற்றுச் சுருள்கள் இருந்தன. சீமையிலிருந்து வந்த பெட்டி பிரித்துக் கிடந்தது. "முழுகுற பூச்சிக்கு எது? நீ சொல்லு. உன் கை சொல்லணும்" என்றார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மனு எழுதுகிறவர் ஈரம், ஈ என்று பிரித்துப் படித்தது இந்த முழுகுகிற பூச்சியைத்தான். ஈரமும் ஈயும் கனமும் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஆனால் கை சுருளை எடுத்துவிட்டது.

முதல் கயிறு பச்சை. தடிமன். பட்டுதான், எண்ணெய் நிறைய ஏற்றியிருந்தது. இரண்டாவது அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த நைலான். கண்ணாடி மாதிரி பளபளப்பு. இழுத்துப் பார்த்தேன், நீண்டது. மீன் தொட்ட சேதி கைக்கு வருவதற்குள் மீன் துப்பிவிட்டுப் போய்விடும். சுருளைப் பிரித்தாலும் பழைய சுருளையே நினைத்துக்கொண்டு வளைந்து நின்றது. மூன்றாவது தேயிலைத் தூள் நிறம். நடுத்தரப் பருமன், இரண்டு முனையும் மெலிந்து போயிற்று. விரலில் ஓட்டினால் பட்டின் சொரசொரப்பு லேசாகத் தெரிந்தது. சமையல்காரரிடம் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றின் முனையையும் அதில் விட்டேன். பச்சை மேலேயே கிடந்தது. நைலான் முழுகுவதா வேண்டாமா என்று நின்றது. மூன்றாவது கொஞ்ச நேரம் தண்ணீரைக் குடித்தது, அப்புறம் சத்தமில்லாமல் கீழே இறங்கிற்று.

"இதுதான் தொரை."

"நல்லா பொறுக்கினே. நானும் அதுதான் நினைச்சேன்." என் தோளில் தட்டினார். ஆறு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அது ஒருமுறைதான்.

அப்புறம்தான் கீழே பார்த்தார். "அது யாரு?"

நான் வாயைத் திறக்கும் முன் அவளே கைகூப்பிச் சொன்னாள். "சாமி, வூட்டைக் காட்டச் சொல்லுங்க. பொயுது சாயறத்துக்குள்ளே பெருக்கிட்டு அடுப்பு பத்த வைக்கணும்."

அவள் வேகமாகப் பேசின எங்கள் ஊர்ப் பேச்சு துரைக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்து, "என்ன சொல்றா?" என்று கேட்டார்.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். மனு எழுதுகிறவர் செய்தது அறியாத பிழை. நான் செய்தது தெரிந்தே.

"என் சம்சாரம், தொரை. மலை ரொம்ப அழகா இருக்குதுன்னு சொல்றா. பார்த்துட்டுப் போலாம்னு வந்தா."

"ஓ. ரொம்ப நல்லது" என்றார். அவளைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார்.

துரைக்கு அவள் பேச்சு விளங்கவில்லை, ஆனால் என் பேச்சு அவளுக்கு விளங்கியது. மேஜையைப் பார்த்தாள். என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். ஆபீஸ் முழுக்கச் சிரிப்பார்கள் என்ற வெட்கம் இருந்தது. அது மட்டும் இல்லை. 'நல்லா பொறுக்கினே' என்று அவர் சொன்ன வார்த்தையின் சந்தோஷம் அப்போது என் மனதில் சூடாக இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இதைப் பெருமாளிடம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொன்னதில்லை.

குடிசைக்குப் போகிற வழியில் அவள் கேட்டது ஒன்றுதான். "லைன்னா கயிறா?"

"இங்கிலீஷ்லே அப்பிடியும் சொல்லுவாங்க போலக் கீது."

"ம்" என்றாள்.

குடிசையில் எட்டு நாள் இருந்தாள். சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் தேவலை. கூரையில் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் சட்டி வைத்தாள். விறகை அடுக்கினாள். மூன்றாம் நாள் துரை வந்து அந்தப் புதுக் கயிற்றைப் போட்டார். வீசின கயிறு ஓடையின் மேல் ஓசையில்லாமல் விழுந்து, அப்படியே உள்ளே போயிற்று. இரண்டு மீன் கிடைத்தது. அவர் போனதும் நான் கயிற்றை மரத்தில் கட்டித் துடைக்கும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். விரலால் நீவிப் பார்த்தாள்.

"இதுதானா அது?"

"ஆமா."

"நல்லாத்தான் பொறுக்கிக்கீறே" என்றாள். குத்திக் காட்டினாளா, உண்மையாகவே சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. கயிற்றை விட்டுவிட்டு, "தொரைகிட்டே கேப்பியா மாமா?" என்றாள்.

"மழை ஓயட்டும்மே. அவரு குஷியா இருக்கும்போது கேக்கறேன்."

"அன்னிக்குக் குஷியாத்தானே இருந்தாரு."

எட்டாம் நாள் கங்காணி வந்து, காவல் குடிசையில் பெண்டுகளை வைத்துக்கொள்ளக் கூடாது, ஆபீசில் கேட்கிறார்கள் என்று சொன்னார். மறுநாள் வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஊருக்கு இறங்கியது. அவர்களோடு அனுப்பி வைத்தேன். மேட்டுப்பாளையம் வரை கூடப் போகலாம் என்றால் அன்றைக்குத் துரை ஓடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பஸ் நிற்கிற இடத்தோடு நின்றுவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து வெளியே பார்த்து, "ஒழுவுற இடத்துலே சட்டியை எடுத்துடாதே" என்றாள். மழையில் கண்ணாடி மங்கிவிட்டது. பிறகு அவள் முகம் தெரியவில்லை.

அதற்கு முன்னும் ஆறு வருஷம் தனியாக இருந்தவன்தான் நான். ஆனால் அந்தத் தனிமை வேறு. அப்போது குடிசையில் நான் ஒருவன் இல்லையென்று தோன்றும், அவள் ஊரில் என்னை நினைத்துக்கொண்டிருப்பாள். இப்போது அவள் என்ன நினைக்கிறாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. கயிற்றைத் துடைக்கும்போது முணுமுணுப்பது நின்றுபோயிற்று. "கோவிந்தா" மட்டும் சொல்வேன். சத்தமில்லாமல்.

மழை ஓய்ந்து, புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் துரையிடம் கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார். "லைன்தானே? ஏன் இவ்வளவு நாள் கேக்கலை? எடுத்துக்கோ" என்றார். மறுநாளே ஆபீசில் சாவி கொடுத்தார்கள். அவ்வளவுதான் காரியம். நடு வீடு இல்லை, ஆனால் நல்ல வீடு. சுண்ணாம்பு அடித்தேன். அடுப்பு போட்டேன். பெருமாள் படம் ஒன்று மாட்டினேன். கார்டு எழுதிப் போட்டேன். இந்தத் தடவை வீடுதான், நானே பார்த்தேன், நானே பெருக்கினேன், வந்துவிடு என்று.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. யாரையோ வைத்து எழுதியிருந்தாள், ஆனால் வார்த்தை அவளுடையது. ஏரி நிரம்பிவிட்டது, நடவு நடக்கிறது, ஆட்டைத் தம்பி திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி இருந்தது: "ஏன் திரும்பி வந்தாய் என்று எல்லாரும் கேட்டார்கள். மலைக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் இருக்கச் சொல்லியும் நான்தான் வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஊரில் நம்பிவிட்டார்கள். இனிமேல் நான் வந்தால் அது பொய்யாகிவிடும். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்."

அவள் போட்ட கார்டை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ஒரு வாரம் அந்தப் புது வீட்டில் படுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் குடும்பங்கள், பேச்சும் சிரிப்பும் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தன. எட்டாம் நாள் சாவியை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய் மேஜை மேல் வைத்தேன்.

துரை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்? சம்சாரம் வரலையா?"

"வரலை தொரை. அவளுக்குக் குளிர் ஒத்துக்கலை" என்றேன்.